சிரிஞ்சில் களைகட்டும் வகுப்பு கதிரியக்கத்தில் ஏன் படுத்துவிடுகிறது?

சாக்பீஸ் எழுதியது:

வணக்கம். உயர்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல், வேதியியல் இரண்டையும் நான்தான் எடுக்கிறேன். இது பாதி சந்தேகம், பாதி புலம்பல்.

வாயு விதிகள் நடக்கும்போது வகுப்பு நன்றாக இருக்கும். சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்து அமுக்கச் சொன்னால் கடைசி வரிசைப் பையன்கள்கூட எழுந்து வருவார்கள். பாயில் விதிக்கு (அழுத்தம் இரண்டு மடங்கானால் கன அளவு பாதி) சிரிஞ்ச், சார்லஸ் விதிக்கு (வாயு சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும்) நசுங்கும் டப்பா, அப்புறம் பலூன். இரண்டு வாரம் ஓடுவதே தெரியாது.

கதிரியக்கத்துக்கு வந்தால் கரும்பலகையும் நானும் மட்டும்தான். ஆல்ஃபா கதிரைக் காகிதம் தடுக்கும், பீட்டாவை அலுமினியத் தகடு தடுக்கும், காமாவுக்கு ஈயம் வேண்டும் என்று ஒரு படம் போடுவேன். அரை ஆயுட்காலத்துக்கு, அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரத்துக்கு, ஒரு வளைகோடு, இரண்டு கணக்கு. மணி அடித்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் கதிரியக்க மூலமும் இல்லை, கதிரை எண்ணும் கைகர் கருவியும் இல்லை.

போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "எப்போது சிதையவேண்டும் என்று ஒரு அணுவுக்கு எப்படித் தெரியும்?" தற்செயல் என்றேன். விடவில்லை. "எல்லாம் தற்செயல் என்றால் அரை ஆயுட்காலம் மட்டும் எப்படி இவ்வளவு துல்லியமாக வருகிறது?"

'அது அப்படித்தான்' என்று சொல்லித் தப்பித்தேன். அன்று இரவு எனக்கே அது சரியாகப் படவில்லை. நீங்கள் எல்லாம் இதை எப்படி நடத்துகிறீர்கள்?

பகடை எழுதியது:

மூலமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நூறு பகடைக்காய் சேர்த்துவிடுங்கள்.

நூறையும் ஒரு பெரிய டப்பாவில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்டுங்கள். ஆறு விழுந்ததெல்லாம் சிதைந்த அணு, பொறுக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். மிச்சத்தை எண்ணி எழுதிக்கொண்டு மறுபடி கொட்டுங்கள். கணக்குப்படி 100, 83, 69, 58, 48, 40 என்று இறங்கவேண்டும். உங்கள் வகுப்பில் அப்படியே வராது, ஆனால் பக்கத்தில் வரும்.

இதில் ஒரு சின்ன வேலை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பகடைக்கு மட்டும் நகப்பூச்சு தடவிச் சிவப்பாக்கிவிடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் "இந்தச் சிவப்பு எத்தனையாவது வீச்சில் வெளியேறும்?" என்று கேட்டு ஒவ்வொருவரையும் ஒரு எண் எழுதவைக்க வேண்டும். "நூறில் பாதி எத்தனையாவது வீச்சில் தீரும்?" என்று இன்னொரு எண்ணும் எழுதட்டும். இரண்டாவது கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் கிட்டத்தட்டச் சரியாக எழுதுவார்கள். சிவப்பு யாருக்கும் பிடிபடாது. ஒரு வருடம் முதல் வீச்சிலேயே போனது. இன்னொரு வருடம் கடைசி மூன்றில் ஒன்றாக நின்று எல்லாரையும் கத்தவைத்தது. உங்கள் மாணவி கேட்ட இரண்டு கேள்விகளும் இந்த இரண்டு எண்களில் இருக்கின்றன.

பத்து வீச்சாக ஆறு விழாத பகடைக்கு அடுத்த வீச்சில் வாய்ப்பு கூடுமா என்றும் கேளுங்கள். கூடும் என்று பாதி வகுப்பு கை தூக்கும். அணுவுக்கு வயதாவதில்லை என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகடை ஆட்டத்தின் அரை ஆயுட்காலம் 3.8 வீச்சு. ரேடான்-222 வாயுவின் அரை ஆயுட்காலம் 3.8 நாள். ஒரு வீச்சை ஒரு நாளாக வைத்துக்கொண்டால் தரையில் கிடப்பது ரேடான்தான். முழுக்கத் தற்செயல், ஆனால் வகுப்பில் நன்றாக எடுபடும்.

குடுவை எழுதியது:

பகடை கிடைக்காதவர்கள் காசு சுண்டுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன், இப்போது நிறுத்திவிட்டேன். காசில் ஒரு வீச்சே ஒரு அரை ஆயுட்காலம். அதனால் அரை ஆயுட்காலம் வந்ததும் மணி அடித்ததுபோல் பாதி அணுக்கள் ஒரே நேரத்தில் சிதையும், நடுவில் ஒன்றும் நடக்காது என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது.

சோதித்துப் பாருங்கள். 80 கிராம் பொருள், ஒன்றரை அரை ஆயுட்காலம் கழித்து எவ்வளவு மிச்சம்? நம் கணக்குகளில் எப்போதும் முழு எண்ணாக இரண்டு, மூன்று, நாலு என்றே கேட்பதால் இது எங்கேயும் வராது. நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் 40-க்கும் 20-க்கும் நடுவில் 30 என்று எழுதுவார்கள். சரியான விடை ஏறக்குறைய 28.3. வளைகோடு வளைந்திருக்கிறது என்பதே அந்த 1.7 கிராமில்தான் தெரியும்.

'இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று, ஆகவே இரண்டு அரை ஆயுட்காலத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்' என்பது தனி ரகம். அது வராத வருடம் கிடையாது.

வேதிக்காரி எழுதியது:

பகடை நல்ல யோசனை. ஆனால் சாக்பீஸ் சார், முதல் பதிவில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. நசுங்கும் டப்பா சார்லஸ் விதி இல்லை.

நிறைய பேர் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அலுமினிய டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆவி நன்றாக வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கவிழ்த்தால் 'டப்' என்று நசுங்கும். உள்ளே இருந்த வாயு குளிர்ந்து சுருங்கிவிட்டது, ஆகவே சார்லஸ் என்று முடித்துவிடுகிறோம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 டிகிரியில் இருக்கும் காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால், 273 கூட்டிக் கெல்வினில் சொன்னால், 373 கெல்வின் 293 ஆகிறது. சுருக்கம் நூற்றுக்கு 21 பங்குதான். அந்த 21 பங்கு இடத்தை நிரப்பக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே ஏறினால் போதும், கதை முடிந்தது.

டப்பாவை நசுக்குவது நீராவி தண்ணீராக மாறுவது. கொதிநிலையில் ஆவி அடைத்துக்கொண்டிருக்கும் இடம் அதே எடைத் தண்ணீரைப்போல் 1,600 மடங்குக்கு மேல். கொதித்த ஆவி உள்ளே இருந்த காற்றையும் வெளியே தள்ளிவிட்டிருக்கும். அது ஒரே நொடியில் சில துளிகளாகச் சுருங்கினால் டப்பாவுக்குள் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வெளியிலிருக்கும் வளிமண்டலம் நசுக்கிவிடுகிறது. வாயு விதிகள் வாயுவாகவே இருக்கிற பொருளுக்குத்தான் பொருந்தும். இங்கே வாயு வேடத்தையே மாற்றிக்கொண்டுவிட்டது.

நான் இப்போது இதை வாயு விதிகளின் கடைசி நாளில், 'விதி எங்கே உடையும்' என்ற தலைப்பில் காட்டுகிறேன். சார்லஸுக்குப் பலூனே போதும்.

சாக்பீஸ் எழுதியது:

ஆறு வருடமாகத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். இதைத் தட்டும்போது காது சூடாகிறது. அப்படியானால் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, டம்ளரால் மூடுவது? 'ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்கு, அந்த அளவுக்குத் தண்ணீர் ஏறும்' என்பது?

வேதிக்காரி எழுதியது:

அதுவும் போச்சு சார்.

மெழுகு எரிந்தால் ஆக்ஸிஜன் போகும், ஆனால் கார்பன் டைஆக்சைடு வரும். போன ஆக்ஸிஜனில் மூன்றில் இரண்டு பங்கு கன அளவை அது நிரப்பிவிடும். ஆக்ஸிஜன் முழுவதும் தீரும் முன்பே திரி அணைந்தும்விடும். தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கவனித்துப் பாருங்கள். சுடர் எரியும்போது ஏறுவது கொஞ்சம்தான், அணைந்தபிறகுதான் விறுவிறுவென்று ஏறும். டம்ளரைக் கவிழ்க்கும்போது சூடான காற்று விரிந்து, ஒரு பகுதி விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறியிருக்கும். மிச்சம் குளிர்ந்து சுருங்குகிறது. நிஜமான சார்லஸ் விதி இங்கேதான் இருக்கிறது!

ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் இன்னும் மேலே ஏறும். டம்ளருக்குள் ஆக்ஸிஜன் அதே அளவுதானே, ஏன் கூட ஏறுகிறது என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். என் வகுப்பில் அந்த ஐந்து நிமிடம் பொன்னானது.

பழைய ஆய்வகம் எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு உங்களிடம் இருக்கிறது, கைவேலை எங்களிடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சிரிஞ்சை விரலால் அமுக்கிக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். 60 மில்லி சிரிஞ்ச் ஒன்றில் 50 வரை காற்றை இழுத்துக்கொள்ளுங்கள். நுனியை மூடி போட்டு இறுக்குங்கள். ஸ்டாண்டில் நிமிர்த்திப் பிடிக்கவைத்து, தண்டின் தலையில் சின்னப் பலகை ஒன்றை ஒட்டி, அதன்மேல் எடைக்கல் ஏற்றுங்கள். என் குறிப்பேட்டில் இருப்பது: எடை இல்லாமல் 50. இரண்டு கிலோவுக்கு 37. நாலு கிலோவுக்கு 30. ஆறு கிலோவுக்கு 25.

பிள்ளைகள் உடனே சண்டைக்கு வருவார்கள். எடையை இரண்டிலிருந்து நாலாக்கினால் கன அளவு பாதியாகவேண்டுமே, 37-ல் பாதி 30 இல்லையே, பாயில் பொய் சொன்னாரா? விட்டுப் பிடியுங்கள். கன அளவின் தலைகீழை ஒரு பக்கமும் எடையை இன்னொரு பக்கமும் வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். நேர்கோடு வரும், ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. அளவுகோலை வைத்துக் கோட்டைப் பின்னால் நீட்டினால் அது எடை அச்சில் மைனஸ் ஆறு கிலோவை ஒட்டிப் போய் முட்டும். அந்த ஆறு கிலோ யார் வைத்தது?

காற்று வைத்தது. சிரிஞ்சின் உள்விட்டம் ஏறக்குறைய 2.7 செ.மீ. அந்த வட்டத்தின்மேல் வளிமண்டலம் கிட்டத்தட்ட ஆறு கிலோ எடைபோல அழுத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள் எடைக்கல் வைக்கும் முன்பே அது உட்கார்ந்திருந்தது. ஆறு கிலோ ஏற்றியதும் மொத்தம் பன்னிரண்டு, கன அளவு பாதி. பாயில் பொய் சொல்லவில்லை. வாகனச் சக்கரத்தில் காற்று பார்க்கும் கருவி சுழியம் காட்டினால் உள்ளே காற்றே இல்லை என்று அர்த்தமில்லை என்பதும் இதே கதை.

கைவேலைக் குறிப்பு: ரப்பர் உராய்வு அளவைக் கெடுக்கும். ஒவ்வொரு எடைக்கும் தண்டை லேசாகக் கீழே அமுக்கி விட்டு ஒரு அளவும், லேசாக மேலே இழுத்து விட்டு ஒரு அளவும் எடுங்கள். இரண்டுக்கும் சராசரி. இரண்டும் மூன்று மில்லிக்குமேல் தள்ளி நின்றால் அந்த சிரிஞ்சைக் கழித்துவிடுங்கள். ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் தடவினால் பிழைக்கலாம். பாயில் 1662-ல் வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றிப் பார்த்ததைத்தான் நாம் பிளாஸ்டிக்கில் செய்கிறோம். பாதரசத்தை எடுக்கவேண்டாம், அது கீழே சிந்திய ஒரு நாளை நான் மறக்கவில்லை.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

நான் மாணவன், இங்கே எழுதலாமா தெரியவில்லை. எங்கள் கணக்கில் வெப்பநிலை எப்போதும் 27 டிகிரிதான். ஏன் என்று கேட்டால் 273 கூட்டினால் 300 வருமாம். இரண்டாவது வெப்பநிலை 127, அது 400. நாங்கள் 27 என்றாலே 300 என்று எழுதிவிடுவோம், கெல்வின் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் 20 டிகிரியை 40 ஆக்கினால் என்ன ஆகும் என்று டீச்சர் கேட்டார். கன அளவு இரண்டு மடங்கு என்று எல்லாரும் கத்தினோம். நூற்றுக்கு ஏழு பங்குதான் கூடுமாம். அன்றைக்குத்தான் புரிந்தது.

குடுவை எழுதியது:

தாராளமாக எழுதுங்கள் தம்பி. கேள்வித்தாள் எடுப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் 27-ஐ விட்டு வெளியே வருவார்கள்.

அரைவாழ்வு எழுதியது:

அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். சாக்பீஸ் சாருக்குப் பதில் முதல் பாடத்திலேயே இருந்தது, அவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

சிரிஞ்சில் 50 மில்லி காற்று. அதில் ஏறக்குறைய 1,200,000,000,000,000,000,000 மூலக்கூறுகள். கரும்பலகையில் இந்த எண்ணை ஒருமுறையாவது நீட்டி எழுதிக் காட்டுங்கள், அடுக்குக்குறி போட்டு மடித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் வினாடிக்கு 500 மீட்டர் அளவில் பறந்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் போவதற்குள் இன்னொன்றில் மோதித் திரும்புகிறது. அடுத்த நொடி எது பிஸ்டனில் மோதும் என்று யாராலும் சொல்லமுடியாது. ஆனால் அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கிறது. மூலக்கூறு விதியைப் பின்பற்றுவதில்லை, கூட்டம் பின்பற்றுகிறது. பாயில் விதி கூட்டத்தின் விதி.

கதிரியக்கமும் அதே கணக்கு. ஒரு அணு எப்போது போகும் என்று தெரியாது. ஆனால் கூட்டத்தில் பாதி எப்போது போகும் என்று தெரியும். துல்லியம் எண்ணிக்கையிலிருந்து வருகிறது. பகடை சார் ஆட்டத்தில் நூறு என்பதால்தான் கோடு கொஞ்சம் நெளிகிறது. நூறு பகடையில் எதிர்பார்ப்பிலிருந்து மூன்று நாலு தள்ளி நிற்பது சாதாரணம். அணுக்களின் எண்ணிக்கைக்கு அந்த நெளிவு கண்ணுக்கே தெரியாது. ஒரு குழுவுக்கு இருபது பகடை கொடுத்து, குழுக்களின் கோடுகளைத் தனித்தனியாகப் போட்டு, பிறகு எல்லாவற்றையும் கூட்டி ஒரே கோடாகப் போடுங்கள். நெளிவு தணிவது கண்முன்னே நடக்கும்.

ஒரே வருத்தம், இரண்டு பாடத்துக்கும் நடுவில் பல மாதம் இடைவெளி. அதற்குள் வாயு விதி வெறும் சூத்திரமாகக் காய்ந்துபோயிருக்கும்.

வரலாற்றிலும் இரண்டும் ஒட்டியே வந்திருக்கின்றன. அரை ஆயுட்காலம் என்ற சங்கதி முதலில் பிடிபட்டதே ஒரு வாயுவில்தான். தோரியத்திலிருந்து கசிந்த வாயுவின் செயல்பாடு ஏறக்குறைய ஒவ்வொரு நிமிடத்துக்கும் பாதியாகிறது என்று ரதர்ஃபோர்டு 1900-ல் எழுதினார். 1908-ல் அவரும் ராய்ட்ஸும் ரேடானை மிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்தார்கள். சுவரைத் துளைத்து வெளியே வந்த ஆல்ஃபா துகள்களை வெளிக்குழாயில் பல நாள் சேரவிட்டு, பாதரசத்தால் மேலே தள்ளி நெருக்கி, மின்சாரம் பாய்ச்சி, வந்த ஒளியைப் பிரித்து நிறமாலை பார்த்தார்கள். ஹீலியத்தின் கோடுகள்! ஆல்ஃபா என்பது ஹீலியத்தின் உட்கரு என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி இல்லை. பலூனில் அடைக்கும் ஹீலியமும் பூமிக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து சேர்ந்ததுதான்.

வேதிக்காரி எழுதியது:

அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு பயம். இப்படிச் சொல்லித்தந்தால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். வாயுவைச் சூடாக்கினால் எல்லாம் மாறுகிறது. கதிரியக்கப் பொருளைச் சூடாக்கு, அமுக்கு, அமிலத்தில் கரை, ஒன்றும் ஆகாது. அந்த வேறுபாடுதான் இந்தப் பாடத்தின் உயிர். வேதிவினை எலக்ட்ரான்களோடு நின்றுவிடுகிறது, உட்கருவை எட்டுவதில்லை. 'கூட்டம்' என்று சொல்லி அதை மறைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. மூலக்கூறு எங்கே போகும் என்று தெரியாதது நம்மால் பின்தொடர முடியாததால். அணு எப்போது சிதையும் என்று தெரியாதது அப்படி இல்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள உள்ளே கடிகாரமே கிடையாது. இரண்டு 'தெரியாது'களும் ஒன்றா?

அரைவாழ்வு எழுதியது:

இல்லை, டீச்சர். அதை நான் விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். உட்கருவிலிருந்து ஆல்ஃபா வெளியே வருவதற்கு 1928-ல் இயற்பியலாளர் காமோவ் கொடுத்த விளக்கத்திலேயே நிகழ்தகவுதான் அடித்தளம், அதற்குக் கீழே வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. உயர்நிலை வகுப்பில் இதை ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

'ஒன்றும் ஆகாது' என்பதற்கும் ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. பெரிலியம்-7 தன் எலக்ட்ரானையே விழுங்கிச் சிதைவது. அதனால் எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அரை ஆயுட்காலம் ஒரு சதவீதம் வரை அசையும். வகுப்பில் சொல்லவேண்டாம், யாராவது கேட்டால் கையில் இருக்கட்டும்.

பழைய ஆய்வகம் எழுதியது:

பெரிய விஷயம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் மறுபடி சிரிஞ்சுக்கே வருகிறேன்.

சிரிஞ்ச் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம் இல்லையா? அடுத்த தடவை எடுத்துப் பாருங்கள். கிருமி நீக்கியது என்ற குறி ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும், பக்கத்தில் எழுத்து. 'ஈஓ' என்றால் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கியது. 'ஆர்' என்றால் கதிர்வீச்சால் செய்தது. அதில் பெரும்பாலும் கோபால்ட்-60-இலிருந்து வரும் காமா. ஒரு உறையில் வாயு, இன்னொரு உறையில் கதிர். உங்கள் இரண்டு பாடமும் குப்பைத்தொட்டியில் கிடக்கின்றன.

'ஆர்' போட்ட உறையை ஒரு பையனிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பட்டென்று மேசையில் போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தான். நம் ஊசியிலேயே கதிரா என்றான். அப்போதுதான் விளக்கமுடிந்தது: டார்ச் வெளிச்சம் பட்ட சுவர், விளக்கை அணைத்தபிறகு ஒளிர்வதில்லை. காமா பட்ட சிரிஞ்சும் அப்படித்தான். கதிர் படுவது வேறு, கதிரியக்கப் பொருள் மேலே ஒட்டிக்கொள்வது வேறு. ஒட்டியது கூடவே வரும், துடைத்துக் கழுவவேண்டும். பட்டது பட்டதோடு சரி. ஆசிரியர் இதைக் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு நடத்தியபோது அந்தப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

பகடை எழுதியது:

உறை விஷயம் அபாரம், ஐயா. பழைய புகை உணரிக்குள் அமெரிசியம்-241 இருக்கும் என்கிறார்களே, அதைப் பிரித்து எடுத்து மூலமாக வைத்துக்கொண்டால்?

பழைய ஆய்வகம் எழுதியது:

கூடாது. பிரிக்கவே கூடாது. மூடியிருக்கும்வரை ஆபத்தில்லை, ஆல்ஃபா காகிதத்தைக்கூடத் தாண்டாது. நோண்டும்போது தூளாகி மூச்சிலோ வாயிலோ போனால் அதே ஆல்ஃபா உள்ளே இருந்து அடிக்கும். அரை ஆயுட்காலம் 432 வருடம், நம் காலத்தில் தீராது. எங்காவது கைகர் கருவி இரவல் கிடைத்தால் பொட்டாசியம் குளோரைடு போதும், வேதியியல் அலமாரியிலேயே இருக்கும். முதலில் எதுவும் வைக்காமல் பத்து நிமிடம் எண்ணுங்கள், பிறகு உப்புப் புட்டியை ஒட்டிவைத்துப் பத்து நிமிடம். கூடும். நிமிடத்துக்கு நிமிடம் எண்ணிக்கை மாறும், கருவி கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் சொல்வார்கள். கெடவில்லை, தற்செயல் அப்படித்தான் சத்தம் போடும்.

அரைவாழ்வு எழுதியது:

ஐயா பொட்டாசியத்தை எடுத்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இயற்கைப் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுட்காலம் 125 கோடி வருடம். சிதைவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆர்கான்-40 ஆகிறது. நம் காற்றில் ஆர்கான் 0.93 சதவீதம், அதில் கிட்டத்தட்ட முழுவதுமே இந்த ஆர்கான்-40தான். பாறைக்குள் பிறந்து, கோடிக்கணக்கான வருடங்களில் கசிந்து வெளியே வந்து காற்றில் சேர்ந்தது.

ஆகவே ஐயாவின் 50 மில்லி காற்றில் அரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு கதிரியக்கத்தில் பிறந்தது. அது இனிச் சிதையாது, சாது. மற்ற மூலக்கூறுகளோடு சேர்ந்து பிஸ்டனை முட்டிக்கொண்டு பாயில் விதிக்கு உழைக்கிறது. சாக்பீஸ் சார் முதல் பாடத்திலிருந்தே அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மூலம் இல்லை என்று தேடிக்கொண்டிருந்தார்.

சாக்பீஸ் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பகடை நூறு தேறியது, ஐந்து குழு, ஆளுக்கு இருபது. நகப்பூச்சு ஒரு மாணவி கொண்டுவந்தாள், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிவப்பு. ஒரு குழுவுக்கு மூன்றாவது வீச்சிலேயே பாதி தீர்ந்தது, இன்னொன்றுக்கு ஆறாவது வரை இழுத்தது. இரண்டு குழுவும் 'உன் பகடை சரியில்லை' என்று அடித்துக்கொண்டார்கள். ஐந்தையும் கூட்டினோம்: 100, 85, 68, 59, 47, 41. அமைதியாகிவிட்டார்கள். ஒரு சிவப்பு முதல் வீச்சில் போனது. ஒன்று பதினாலாவது வீச்சு முடிந்தும் தரையிலேயே கிடந்தது, மணி அடித்தபிறகும் அந்தக் குழு எழுந்திருக்க மறுத்தது.

கேள்வி கேட்ட அந்த மாணவி ஓரமாக உட்கார்ந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து, "சார், அப்போ அணுவுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை" என்றாள். நான் சரி என்றேன். "சராசரியாக ஒரு பகடை எத்தனை வீச்சு தாங்கும்? அதுவும் 3.8 தானே?" என்று அடுத்ததைப் போட்டாள். வீட்டில் போய்க் கணக்குப் போட்டேன், ஆறு வருகிறது. பாதி தீரும் நேரமும் சராசரி ஆயுளும் ஒன்றில்லை என்று எனக்கே அன்றுதான் உறைத்தது. நெடுநாள் நிற்கும் சில பகடைகள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. மறுநாள் சொன்னேன், 'பதினாலு தாண்டிய அந்தச் சிவப்பா?' என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டப்பாவைக் கடைசி நாளுக்கு மாற்றிவிட்டேன், வேதிக்காரி டீச்சர். மூன்று மெழுகுவர்த்திச் சோதனையில் டம்ளர் ஒன்று விரிசல் விட்டது. கண்ணாடிக் குடுவைக்கு மாறவேண்டும்.

எடைக்கல் சோதனை இன்னும் செய்யவில்லை, ஐயா. எங்களிடம் இருப்பதெல்லாம் சேர்த்து நாலு கிலோதான். தண்ணீர் நிரப்பிய புட்டிகளைப் பலகையில் அடுக்கலாமா, சாய்ந்துவிடுமா? வியாழன் இரட்டைப் பாடவேளை இருக்கிறது. சிரிஞ்ச் உறைகளை யாரும் தூக்கிப் போடக்கூடாது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

பழைய ஆய்வகம் எழுதியது:

புட்டி சாயும். வாளியைத் தண்டிலிருந்து கீழே தொங்கவிடுங்கள். பலகையின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, மேசை விளிம்புக்கு வெளியே ஸ்டாண்டை நீட்டி நிறுத்தவேண்டும். ஸ்டாண்டின் அடியை மேசையோடு சேர்த்து இறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டாண்டே கவிழும். லிட்டருக்கு ஒரு கிலோ, அளந்து ஊற்றிக்கொள்ளலாம். வாளியின் எடையைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.